அம்மா சொன்ன இரண்டாவது ஓம்

பத்து வயதில் நான் உளவாளியாக வேலை பார்த்திருக்கிறேன். சம்பளம் கிடையாது. என்னை வேலைக்கு வைத்தவர் அப்பாவின் அக்கா, என் மாமி. உளவு பார்க்கவேண்டிய ஆள் என் அம்மா.

அப்போது நாங்கள் தெற்கே ஒரு பட்டணத்தில் இருந்தோம். அப்பாவுக்கு அங்கே கடை. வருஷத்தில் ஒரு தரம் கோயில் திருவிழாவுக்காக சுருவிலில் இருக்கும் மாமி வீட்டுக்கு வருவோம். கொடி ஏறிவிட்டால் மாமி வீட்டில் மீன், இறைச்சி என்ற பேச்சே இருக்காது. முட்டை என்று வாயால் சொன்னாலும் வாயைக் கொப்பளிக்கவேண்டும். அந்த வருஷம் கொடி ஏறி மூன்றாம் நாள், ஊர்காவற்றுறைப் பக்கம் கடற்கரையோரமாக இருக்கும் கிறிஸ்தவர்களின் வேதக் கோயிலில் பின்னேரம் பழைய பாட்டுகள் பாடுகிறார்களாம், போய்க் கேட்டுவிட்டு வரட்டுமா என்று அம்மா கேட்டார். மாமியின் கையில் இருந்த தேங்காய்ப் பாதி துருவலையிலேயே நின்றுவிட்டது.

எங்கள் கோயிலில் நல்ல நல்ல மேளகாரர் வந்து வாசிக்கும்போது வேதக்காரரின் பாட்டு எதற்கு என்பது மாமியின் கேள்வி. நியாயமான கேள்விதான். அம்மா ஒரு சேலைகூடக் கேட்டு வாங்காத ஆள். அப்படிப்பட்டவர் ஒன்றைக் கேட்டதே மாமிக்குப் பெரிய சந்தேகம். அப்பா மட்டும், போயிட்டு வரட்டும் அக்கா என்று பேப்பரில் இருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

மாமி என்னைக் குசினிக்குள், அடுப்புப் பக்கம், இழுத்துக்கொண்டு போனார்.

“உன்ர அம்மா வேதத்துக்கு மாறப்போறாவோ எண்டு எனக்கு ஐமிச்சமாக் கிடக்கு. நீயும் கூடப் போ. ஒண்டும் விடாமல் பார்த்துக்கொண்டு வந்து எனக்குச் சொல்லு.”

அங்கே என்ன தந்தாலும் தின்னக்கூடாது என்றும் சொன்னார். வெள்ளையாக ஒன்றை நாக்கில் வைப்பார்களாம். விழுங்கிவிட்டால் பிறகு திரும்பி வர ஏலாதாம். அம்மா வேதத்துக்கு மாறினால் எங்களோடு இருப்பாரா, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவாரா, இரண்டு வயதுத் தம்பியை யார் குளிப்பாட்டுவது என்று என்னென்னவோ யோசித்தேன். தம்பியை எல்லாரும் தம்பி என்றுதான் கூப்பிடுவோம். அம்மா மட்டும் அவனைச் சீனிக்குஞ்சு என்பார். கடைச் சாமானில் பிள்ளைக்குப் பேர் வைக்கிறதா என்று மாமிக்கு அதிலும் ஒரு கடுப்பு. அந்தப் பேரை அவர் ஒருநாளும் வாயில் எடுத்ததில்லை.

தம்பியை மாமியிடம் விட்டுவிட்டு அம்மாவும் நானும் ஓட்டோவில் போனோம். சின்னக் கோயில். ஒரு நாற்பது பேர் பாயில் இருந்தார்கள். கடல் காற்று ஒரு யன்னலால் வந்து மற்ற யன்னலால் போனது. நான் முதலில் கண்டுபிடித்த குற்றம், ஒலிபெருக்கி இல்லை. எங்கள் கோயிலில் பனைமரத்துக்குப் பனைமரம் ஒலிபெருக்கி கட்டி ஊரையே எழுப்புவோம். மறைக்க எதுவும் இல்லாதவர்கள் ஏன் இப்படி மெல்லப் பாடவேண்டும்?

மத்தளத்தோடு ஒரு கிழவர், தாளம் தட்ட ஒருவர், பின்பாட்டுக்கு மூன்று பேர். அவ்வளவுதான் கச்சேரி. வலை இழுக்கும் பாட்டு, காற்றுக்குப் பாடும் பாட்டு, மாதாவின் புலம்பல் எல்லாம் பாடினார்கள். புலம்பலுக்கு எனக்கே அழுகை வந்தது. இதுவும் ஏதோ தந்திரம் என்று உடனே விளங்கிக்கொண்டேன். நடுவில் பிளேன்ரீயும், பேக்கரியில் சுட்ட பணிஸ் ஆளுக்கொன்றும் வந்தன. பணிஸில் சீனி வெள்ளையாகத் தூவியிருந்தது. வெள்ளை! அம்மா ஒரு யோசனையும் இல்லாமல் தின்றார். என்னுடையதைச் சாட்சிக்காகச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

கடைசிப் பாட்டுக்கு முன்னால் கிழவர் கொஞ்சம் பேசினார். சண்டை நடந்த பிரச்சினைக் காலத்தில் தீவுச் சனம் சைவம், வேதம் என்றில்லாமல் இந்தக் கோயிலுக்குள்தான் கிடந்ததாம். பிள்ளைகள் கடற்கரையில் தவறிப்போகாமல் இருக்க, ஒவ்வொரு நாளும் பொழுதுபட முன்னர் இவர் மத்தளத்தைத் தட்டிப் பிள்ளைகளின் செல்லப்பேரைப் பாட்டாகப் பாடுவாராம். பேர் வந்தவர் இருந்த இடத்தில் இருந்து ஓம் என்று சொல்லவேண்டும்.

“இண்டைக்கும் கூப்பிடப்போறன். இருக்கிறவை சொல்லுங்கோ,” என்றார்.

பாட்டு தொடங்கியது. பெரிய மீசை வைத்த ஒருவர் வெட்கப்பட்டுக்கொண்டு ஓம் என்றார். ஒரு பேருக்கு யாரோ கைபேசியைத் தூக்கிப் பிடிக்க, கனடாவில் இருந்து கரகரவென்று ஓர் ஓம் வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு வடிவு என்று பாடினார். என் பக்கத்தில் இருந்து, “ஓம்.” அம்மா! அம்மாவுக்கு அப்படி ஒரு பேர் இருப்பதே எனக்குத் தெரியாது. சின்னப்பிள்ளைக் குரலில் சொன்னார்.

அடுத்தது, “சீனிக்குஞ்சு.”

ஒருவரும் பதில் சொல்லவில்லை. கைபேசி ஒன்றும் உயரவில்லை. கிழவர் மத்தளத்தில் ஒரு தட்டுத் தட்டி இரண்டாம் தரமும் கூப்பிட்டார். மூன்றாம் தரமும் கூப்பிட்டார். அப்போது அம்மா தலையைக் குனிந்துகொண்டு மெல்ல, “ஓம்,” என்றார்.

எல்லாம் வெளித்துவிட்டது. தம்பியின் பேரை ஏற்கெனவே இவர்களிடம் கொடுத்தாயிற்று. அவனுக்குப் பதிலாக அம்மாவே சம்மதமும் சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது ஓட்டோவில் அம்மா என் தலையில் கை வைத்தார். நான் அந்தக் கையை எடுத்துவிட்டேன். இப்போது நினைத்தாலும் என்னையே ஓங்கி அறையலாம் போல இருக்கிறது.

முற்றத்தில் அப்பா கதிரையில் இருந்தார். மாமி பாயில், பக்கத்தில் தம்பி நித்திரை. நான் பணிஸைப் பாயில் வைத்து, தம்பியை வேதத்தில் பதிந்தாயிற்று என்பதில் தொடங்கி எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். மாமி அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். நான் சொன்னேனே என்று அந்தப் பார்வையிலேயே இருந்தது. அப்பா பேப்பரை மடித்தார்.

“பிள்ளையின்ர பேரை ஏன் அங்க குடுத்தனீர்?”

அம்மா நின்றபடியே சொன்னார். “அது இவன்ர பேரில்லை. என்ர தம்பின்ர பேர். அவனுக்கு ஓம் சொல்ல அங்க வேற ஒருத்தரும் இல்லை.”

அனலைதீவில் இருந்து வள்ளத்தில் வந்து அந்தக் கோயிலுக்குள் கிடந்தபோது அம்மாவின் தம்பிக்கு ஆறு வயதாம். மூன்றாம் தரம் கூப்பிடும்வரை வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டிருப்பானாம். காய்ச்சல் வந்ததாம். மருந்து இல்லையாம். கோயிலுக்குப் பின்னால் தாழை ஓரமாகக் குழி வெட்டித்தான் தாட்டார்களாம். அடுத்த நாள் கிழவர் பழக்கத்தில் அந்தப் பேரையும் பாடிவிட்டாராம்.

“அண்டைக்கு நான் வாயைத் திறக்கேல்லை,” என்றார் அம்மா. “இண்டைக்குத்தான் சொன்னனான்.”

எனக்குக் கோபம் வந்தது. நான் கொண்டுவந்த குற்றச்சாட்டு என்ன, இவர் சொல்லும் கதை என்ன! எப்போதோ யாருக்கோ வந்த காய்ச்சலைச் சொல்லி அம்மா தப்பப் பார்க்கிறார் என்று நினைத்தேன். ஆனால் மாமி ஒரு குறுக்குக் கேள்வியும் கேட்கவில்லை. என் சாட்சியை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

தம்பி பார்த்தான். கண்ணைக் கசக்கிக்கொண்டு எழும்பியவன் நேரே பணிஸை எடுத்துக் கடித்தான். நான் மாமி, மாமி என்று கத்தினேன். முட்டை என்ற சொல்லையே வீட்டுக்குள் விடாத மாமி, அவன் வாயோரம் ஒட்டியிருந்த சீனியைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டார். பிறகு அவனைத் தூக்கி அம்மாவிடம் நீட்டினார்.

“இந்தாரும். சீனிக்குஞ்சுக்கு நல்ல பசி போல கிடக்கு.”

அம்மா அவனை வாங்கி முகத்தோடு முகம் வைத்து அழுதார். நான் பாயின் மூலையில் இருந்து யோசித்தேன். அம்மா போய்விட்டார். பணிஸ் தின்ற தம்பியும் போய்விட்டான். இப்போது மாமியும் மாறிவிட்டார். இந்த வீட்டில் சைவத்தில் மிச்சம் அப்பாவும் நானும்தான். அப்பாவையும் நம்ப ஏலாது போல இருந்தது. மடித்த பேப்பரைத் திரும்ப விரித்து, முகத்தை முழுக்க மறைத்துப் பிடித்திருந்தார். பொழுதும் பட்டுவிட்டது, அதில் ஒரு எழுத்துக்கூடத் தெரிந்திருக்காது.