மஞ்சள் துண்டு கட்டிய மூட்டைகள்

புங்குடுதீவுக்கும் எங்கள் நயினாதீவுக்கும் இடையில் ஓடிய எங்கள் வள்ளத்தில் அம்மாளாச்சியின் சாமானுக்கு ஏற்றுக்கூலி கிடையாது. நயினாதீவு அம்மன் கோயிலுக்கு என்று மஞ்சள் துண்டு கட்டி வருகிற மூட்டையை என் கணவர் தானே தூக்கி ஏற்றுவார். அது அவர் வைத்த நேர்த்திக்கடன். அறுபதுகளின் தொடக்கத்தில், என் நகைகளை விற்று அந்த மோட்டர் வள்ளத்தை வாங்கிய புதிதில், பிள்ளைத்தாச்சியான என்னை ஊர்காவற்றுறை ஆசுப்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போகையில் நடுக்கடலில் மெஷின் நின்றுவிட்டது. சோளகக் காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. நான் நோவில் குழறக் குழற, அவர் கோயில் பக்கம் திரும்பி அந்த வாக்கைக் கொடுத்தார். மெஷின் வேலை செய்தது, மகளும் சுகமாகப் பிறந்தாள்.

குழந்தையோடு திரும்பி வருகையில் கோபுரம் தெரிந்ததும் சுக்கானை விட்டுவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். வள்ளம் தன்பாட்டில் திரும்பியது. பச்சை உடம்போடு இருந்த நான் ஏசிய ஏச்சு எல்லோருக்கும் கேட்டது. அவர் சிரித்தார்.

பத்துப் பன்னிரண்டு வருடம் குறையில்லாமல் ஓடியது. அந்த வள்ளத்தை விட்டால் எங்களுக்கு வேறு சோறு இல்லை. வேறு சோறு தேடவும் தோன்றவில்லை.

பிறகு டீசல் விலை ஏறியது. எங்கோ பாலைவனத்தில் எண்ணெய் எடுக்கிறவர்கள் விலையைக் கூட்ட, எங்கள் தீவில் தீப்பெட்டி விலை கூடியது. அது எப்படி என்று பலருக்கு விளங்கவில்லை. எனக்கு நன்றாக விளங்கியது, ஏனென்றால் ஏச்சு வாங்கியது எங்கள் வீடு. டீசல் ஏற இவர் கூலியை ஏற்றினார். கூலி ஏறக் கடைக்காரர் அரிசி விலையை ஏற்றினார். அரிசி ஏற, துறையில் மூட்டை சுமக்கிறவர்கள், "அண்ணை, முந்தின காசுக்கு இனி ஏலாது" என்றார்கள். அவர்களுக்குக் கூட்டிக் கொடுக்க இவர் மறுபடி கூலியை ஏற்றினார். மெஷினில் ஏதாவது உடைந்தால், வெளிநாட்டுச் சாமான் வராத காலம், கொழும்புக்கு ஆள் அனுப்பிக் கேட்ட விலைக்கு வாங்கவேண்டும். கிணற்றடியில் பெண்கள் என் முகத்துக்கு நேரே, "உங்கட மனுசன் எங்கட தோலை உரிக்கிறார்" என்றார்கள்.

அப்போதுதான் மஞ்சள் துண்டுகள் பெருகத் தொடங்கின. முதலில் அரிசி, தேங்காய், பூ. பிறகு சீமெந்து. அதையும் கோயில் திருப்பணி என்று விட்டுவிட்டோம். ஒருநாள் கடைக்காரர் ஒருவரின் சுருட்டுப் பெட்டி மஞ்சள் துண்டோடு வந்து இறங்கியது.

"அம்மாளாச்சி எப்ப தொடக்கம் சுருட்டுப் பத்துறா?" என்று கேட்டேன்.

இவர் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார். ஓசியில் போகிற ஒவ்வொரு மூட்டைக்கும் டீசல் எரிந்தது. அந்தப் பாரம் கூலி கொடுக்கிற மூட்டையின் தலையில் விழுந்தது. கூலி கூடக் கூட, நேற்றுவரை நேர்மையாகக் காசு கொடுத்தவர்களும் மஞ்சள் துண்டு தேடினார்கள். ஊரில் எல்லோரும் கள்ளர் என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளைகளுக்குக் கஞ்சி வைக்க வழியில்லாதவர்களும் இருந்தார்கள். ஆனால் எங்கள் குசினியிலும் அடுப்பு இருந்தது.

"அம்மாளாணை எண்டு சத்தியம் பண்ணச் சொல்லுங்கோ. பொய்ச் சாமானெல்லாம் தன்பாட்டில நிக்கும்" என்றேன்.

அவருக்குக் கோபம் வந்தது. "ஒரு மூட்டை மாவுக்காகச் சனத்தைப் பொய்ச்சத்தியம் பண்ண வைக்கச் சொல்லுறீரோ? அந்தப் பாவம் ஆருக்கு?"

நல்ல மனிதரைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறேன் என்று அன்றைக்கு அழுதேன்.

எழுபதுகள் முடிவதற்குள் வள்ளம் கைமாறியது. வாங்கியவர் யாழ்ப்பாணத்து வியாபாரி. அம்மாளைப் பகைக்க அவருக்கும் துணிவில்லை; வழக்கத்தை வைத்துக்கொண்டார். ஆனால் மூட்டையில் கையை வைத்துச் சத்தியம் பண்ணினால்தான் ஓசி என்றார். ஒரே கிழமையில் மஞ்சள் துண்டுகள் காணாமல் போயின. நான் சொன்னது சரியாகிவிட்டது என்பதில் எனக்கு ஒரு துளி சந்தோசமும் வரவில்லை.

என் கணவர் அக்கரையில், புங்குடுதீவுத் துறையில், மூட்டை சுமந்தார். முதுகு விட்டுப்போன பிறகு அதுவும் இல்லை. ஒருமுறை யாழ்ப்பாணத்தில் இருக்கிற என் தமையன் இரக்கப்பட்டு ஒரு மூட்டை அரிசி தந்தார். அதோடு அந்தத் துறைக்கு வந்தோம். எங்கள் இரண்டு பேரின் பயணக் காசுக்கு மேல் கையில் ஒன்றும் இல்லை. கூலியை ஊருக்குப் போய்த் தருகிறேன் என்று கேட்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் மடியிலிருந்து ஒரு மஞ்சள் துண்டை எடுத்தார். எப்போது அதை மடியில் வைத்தார் என்று எனக்குத் தெரியாது. மூட்டையின் வாயில் கட்டினார். முடிச்சு இரண்டு தரம் நழுவியது.

வள்ளத்தில் நின்றவன் முன்பு எங்களிடம் வேலை செய்தவன். தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணை, குறை நினையாதேயுங்கோ. முதலாளி ஆரெண்டாலும் சத்தியம் கேக்கச் சொன்னவர்" என்றான்.

இவர் மூட்டையில் கையை வைத்தார்.

"அம்மாளாணை, கோயிலுக்குத்தான்."

அவன் அந்த மூட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி ஏற்றினான். நான் இவருக்குப் பக்கத்தில் இருந்தேன். அவரை ஏச எனக்கு வாய் வரவில்லை. பாதிக் கடல் தாண்டியதும் கோபுரம் தெரிந்தது. வள்ளத்தில் இருந்தவர்கள் எழும்பிக் கும்பிட்டார்கள். இவர் இரண்டு கையாலும் மூட்டையைப் பிடித்துக்கொண்டு வள்ளத்தின் அடித்தட்டைப் பார்த்தபடி இருந்தார். அதற்குப் பிறகு சாகும்வரை அந்தக் கோபுரத்தை அவர் கும்பிட்டு நான் காணவில்லை.