சிவப்பு எச்சரிக்கையைத் தாண்டி: விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு ஒரு நடுக்கப் பயணம்

பொறியியல் கலந்தாய்வில் மகள் ஜெனிபர் தன் கல்லூரி வரிசையை உறுதிசெய்ய அன்று மாலை ஐந்து மணிதான் கெடு. தவறினால் அந்தச் சுற்றே போச்சு. விழுப்புரத்தில் காலையிலிருந்து மழை. இணையமும் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை. அதனால்தான் இரண்டே காலுக்குத் திண்டிவனம் பேருந்தில் ஏறினோம். நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஆளுக்கு முப்பது ரூபாய். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வண்டி நின்றபோதே நான் மணியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர். அங்கே எல்லாக் கணினியும் ஒரு ப்ராக்ஸி, அதாவது நடுவில் நிற்கும் ஒரு சர்வர் வழியாகத்தான் இணையத்துக்குப் போகும். அது கேட்ட பெயரையும் கடவுச்சொல்லையும் கடைக்காரர் சொன்னார். போட்டதும் ஒரு சாதாரணச் செய்திப் பக்கம் திறந்தது. பூட்டுக்குறி உள்ள கலந்தாய்வுத் தளமோ திறக்கவே இல்லை. எத்தனை முறை போட்டாலும் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் அதே பெட்டி மறுபடி வந்து நின்றது.

"பூட்டு போட்ட சைட்டுனாலே இது பேஜாரு பண்ணுதுங்க. இருங்க, வேற வழியா வுடறேன்" என்று எதையோ மாற்றினார்.

இப்போது திரை முழுக்கச் சிவப்பு எச்சரிக்கை. விவரத்தைத் திறந்து பார்த்தேன். தளம் உண்மையானதுதான் என்று காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ் அந்தத் தளத்துடையது இல்லை, இந்தக் கடையின் சர்வருடையது. நாம் அடிப்பதையெல்லாம் நடுவிலேயே பிரித்துப் பார்க்க முடியும் என்று அர்த்தம். கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. எல்லாரும் தொடருன்னு அமுக்கிக்கினு போய்க்கினே இருப்பாங்க."

"அந்த சர்வர யாருங்க பாத்துக்கறது?"

"பாண்டிலருந்து ஒருத்தர் வந்து போட்டுக் குடுத்துட்டுப் போனாருக்கா. அப்பறம் வரல."

சென்னையில் வேலையிலிருக்கும் கணவரிடம் கேட்கலாம் என்று வெளியே வந்து போனை எடுத்தேன். சிக்னல் முழுதாக இருந்தது! முக்கியமான வேலை என்றால் சென்டருக்குத்தான் போக வேண்டும் என்பது எங்கள் ஊர்ப் பழக்கம். அதில் கையிலிருந்த போனையே மறந்திருக்கிறேன். உள்ளே ஓடினேன். ஜெனிபர் முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

"டைம் போய்க்கினே இருக்குதுன்னு அமுக்கிட்டேம்மா. பாஸ்வேர்டும் போட்டுட்டேன். உள்ள போய் அப்படியே நின்னுபோச்சு."

அவளை இழுத்துக்கொண்டு எதிர் டீக்கடைக்கு ஓடினேன். போனிலேயே கடவுச்சொல்லை மாற்றி, கல்லூரி வரிசையை இரண்டு முறை படித்துப் பார்த்தோம். எதுவும் மாறவில்லை. நாலு நாற்பதுக்கு உறுதிசெய்தோம்.

இதே வேலையாகக் கிளம்புகிறவர்களுக்கு: முதலில் உங்கள் போன் டேட்டாவை முயன்று பாருங்கள். சிவப்பு எச்சரிக்கை வந்தால், யார் சொன்னாலும் தாண்டாதீர்கள். கெடு நாள் வரை காத்திருக்காதீர்கள்.

திரும்பும் பேருந்தில் ஜெனிபர் மெதுவாகக் கேட்டாள்: "பாஸ்வேர்ட மாத்திட்டோம். என் ஆதார் நம்பரும் உள்ள தெறந்த அந்தப் பக்கத்துல இருந்துச்சேம்மா, அத எப்படி மாத்துறது?"