சுந்தரதாஸ் சொன்ன லாட்ஜ்

பாறசாலையிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் போகிற எவரும் சுந்தரதாஸிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பஸ் ஏறுவதில்லை. வாரம் ஒருமுறை வாழைக்குலைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அங்கே சாலைக் கம்போளத்தில் விற்றுவிட்டு வருகிறவர் அவர். பட்டணத்தில் எந்தப் பக்கம் தங்கலாம், எந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்று சொல்லத் தொடங்கினாரென்றால், டீக்கடை பெஞ்சில் இருப்பவனுக்கு எழுந்து போக மனம் வராது.

"கம்போளத்துப் பக்கம் முறி எடுக்காதே மக்கா, கொசு தூக்கிட்டுப் போயிரும். கோட்டைக்குள்ள நம்மள ஏத்த மாட்டான். தம்பானூராக்கும் நமக்குள்ள இடம். மாடிப்படிக்குப் பக்கத்து முறி தந்தா வேண்டாம்னு சொல்லு, விடிய விடிய செருப்புச் சத்தம். கெணறு எங்கன இருக்குன்னு பாத்துட்டு முறி எடு. அங்க பத்மவிலாசம்னு ஒரு லாட்ஜ் உண்டு. எனக்க பேரச் சொன்னா மதி, பாதி வாடகைக்குத் தருவான்."

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவருடைய புளுகு வருஷக்கணக்கில் ஓடியது. கேட்டவர்களில் பெரும்பாலோர் போன அன்றே திரும்பிவிடுவார்கள்; தங்க வேண்டியவனும் சொந்தக்காரன் வீட்டைத் தேடிப் போவான். சுந்தரதாஸ் கட்டிய லாட்ஜில் குடியேற ஆள் வராததால் அது இடியாமல் நின்றது.

உண்மையில் அவர் எந்த லாட்ஜிலும் படுத்ததே இல்லை. பாளையத்தில் மிஷன் வளாகத்துச் சமையல்கட்டின் பின்பக்க வராந்தாதான் அவருடைய தம்பானூர். அங்கே சமைக்கிற ஆனந்தபாய் சபைக்காரி. நம்ம ஊர்க்காரர் என்று பாயும் கொடுப்பாள், மிஞ்சிய கஞ்சியும் கொடுப்பாள். இளவயதில் ஒரே ஒருமுறை ஒரு லாட்ஜில் ஏறி அறை கேட்டிருக்கிறார். மேஜைக்குப் பின்னால் இருந்தவன் அவருடைய சட்டையிலிருந்த வாழைக்கறையை ஏற இறங்கப் பார்த்தான். "கூலிக்காரெல்லாம் வெளியிலாணு கிடக்குந்நது" என்று தெருத் திண்ணையைக் காட்டினான். சுந்தரதாஸ் படியிறங்கி வந்தார். அன்று கூனிப்போன மனசுதான் ஊர் திரும்பியதும் லாட்ஜ் கட்ட ஆரம்பித்தது.

ஐம்பத்து நாலாம் வருஷம் வந்தது. தமிழ்த் தாலுக்காக்கள் திருவனந்தபுரத்து ஆட்சியை விட்டுச் சென்னை மாநிலத்தோடு சேர வேண்டும் என்று ஊரெல்லாம் ஊர்வலம். துப்பாக்கிச் சூடும் நடந்துவிட்டது. போலீஸுக்குப் பயந்து ஆண்பிள்ளைகள் பாதிப்பேர் கிழக்கே ஒற்றசேகரமங்கலத்துக் காடுகளில் ஒதுங்கியிருந்தார்கள். ஜங்ஷனில் தையல் கடை வைத்திருந்த வேதமணி ஊர்வலத்தில் பிடிபட்டு, திருவனந்தபுரம் ஜெயிலில் இருந்தான். அவன் உள்ளே போன பிறகுதான் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

வேதமணியின் மனைவி தங்கபாய் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு டீக்கடை வாசலில் வந்து நின்றாள். புருஷனைப் பார்க்க ஒரே ஒரு நாள் அனுமதி கிடைத்திருந்தது. காலையிலேயே ஜெயில் வாசலில் நிற்க வேண்டும். பஸ் எப்போது ஓடும், எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாத நாட்கள். முந்தின நாளே போய்த் தங்கினால்தான் உண்டு.

"அண்ணா, பிள்ளையோட வாறேன்னு அவருக்கு எழுதிப் போட்டாச்சு. கூட வர ஆளில்ல. பொம்பள ஒத்தைக்குத் தங்கப் பயமில்லாத இடமா சொல்லித் தாங்க."

ஆனந்தபாயின் பெயர் சுந்தரதாஸின் தொண்டை வரை வந்தது. சத்தியமாக வந்தது. பொம்பளைக்கும் பச்சைப்பிள்ளைக்கும் அந்தச் சமையல்கட்டை விடப் பத்திரமான இடம் பட்டணத்தில் வேறு இல்லை என்று அவருக்குத் தெரியும். ஆனால் பெஞ்சில் நாலு பேர் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வராந்தாவைச் சொன்னால் அவரையும் அல்லவா அதில் படுக்கவைத்துச் சொல்ல வேண்டும்?

"தம்பானூருக்குப் போ. பத்மவிலாசம். எனக்க பேரச் சொன்னா மதி."

தங்கபாய் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

தம்பானூரில் பத்மவிலாசம் என்று எதுவும் இல்லை. பெயர் தப்பாகக் காதில் விழுந்திருக்கும் என்று தன்னையே நொந்துகொண்டு அவள் லாட்ஜ் லாட்ஜாக ஏறினாள். ஏறிய இடத்திலெல்லாம் "பாறசாலை சுந்தரதாஸ் அனுப்பினாரு" என்றாள். அப்படி ஒருவரை யாருக்கும் தெரியவில்லை. ஒற்றைக்கு நிற்கிற பெண்ணுக்கு அறை கொடுக்கவே யோசிப்பார்கள். அந்த வருஷத்தில் பாறசாலை என்ற பெயரும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா? "சமரக்காரோ? இவிடெ முறி இல்ல" என்று, போராட்டக்காரர்களைத் துரத்துகிற மாதிரி ஒருவன் முகத்துக்கு நேரே சொன்னான். நல்ல மழை. யாரோ ஒரு பூக்காரி இரக்கப்பட்டு, கிறிஸ்தவப் பெண்ணென்றால் பாளையத்தில் மிஷன் வளாகம் இருக்கிறதே என்று வழி சொன்னாள். நனைந்துகொண்டே நடந்து போய்ச் சேர்ந்தாள்.

அங்கேயும் பழக்க தோஷத்தில் அந்தப் பெயரையே சொன்னாள். ஆனந்தபாயின் முகம் மலர்ந்தது.

"நம்ம சுந்தரதாஸா? இஞ்சதானே கிடப்பாரு! அந்தா சுருட்டி வச்சிருக்கது அவருக்க பாயி. எனக்க பேரச் சொல்லி வான்னு நேரா அனுப்பியிருக்கலாமே, என்னத்துக்கு இப்பிடி நனைஞ்சே?"

விடியும்போது குழந்தைக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. தங்கபாய் ஜெயிலுக்குப் போகவில்லை, ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். மருந்து வாங்கி, குழந்தை கண் திறந்து பால் குடித்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. பார்க்கும் நேரம் முடிந்துபோயிருந்தது.

ஊருக்கு வந்ததும் அவள் சுந்தரதாஸின் வீட்டு வாசலில் வந்து ஒரு துண்டை நீட்டினாள். போன வாரம் அவர் வராந்தாவில் மறந்து வைத்த கட்டம்போட்ட துண்டு, துவைத்து மடித்திருந்தது.

"ஆனந்தபாய் அக்கா தந்து விட்டா அண்ணா."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் சுந்தரதாஸ் பதிலுக்கு ஏதாவது சமாளித்திருப்பார். துண்டை வாங்கிக்கொண்டு நின்றார்.

விஷயம் அதோடு முடியவில்லை. பெண்டாட்டி பிள்ளையோடு வருவாள் என்று வேதமணி அங்கே காத்துக் கிடந்திருக்கிறான். வரவில்லை. ஊரில் போலீஸ் வீடு புகுந்து அடிக்கிறது என்று ஜெயிலுக்குள் பேச்சு. என்ன ஆனாளோ ஏது ஆனாளோ என்று அவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது. இனிப் போராட்டத்துக்குப் போகமாட்டேன் என்று மாப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தான். கூடப் பிடிபட்டவர்கள் எல்லாரும் உள்ளேயே இருந்தார்கள்.

ஊர் அவனைத் தள்ளிவைக்கவில்லை. அதைவிட மோசமாகச் சிரித்தது. தையல் கடைக்குத் துணி வரவில்லை. எதிர் டீக்கடையிலிருந்து, "மாப்பு எழுதின கையாக்கும், தையல் நேரா வருமா?" என்று யாராவது குரல் விடுவார்கள். சுந்தரதாஸ் அதே பெஞ்சில் உட்கார்ந்து டீயைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை சபையோடு சேர்ந்து பாவ அறிக்கை சொன்னார். எல்லாரோடும் சேர்ந்து பொதுவாகச் சொல்வதில் என்ன கஷ்டம்?

மனசு கேட்காமல் ஒருநாள் சட்டைத் துணி வாங்கிக்கொண்டு வேதமணியின் கடைக்குப் போனார். வேதமணி அளவு நாடாவை எடுத்து அவர் மார்பைச் சுற்றிப் பிடித்தான். முகம் வெகு பக்கத்தில் இருந்தது.

"அண்ணா, உங்க உதவிய மறக்க மாட்டேன். அந்த நேரத்துல தமிழனுக்கு ஒருத்தன் இடம் தருவானா? தங்கபாய் சொன்னா, அண்ணன் சொன்ன இடத்துலதான் தங்கினேன்னு. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது நம்ம நேரம். அதுக்கு நீங்க என்ன செய்வீங்க?"

தங்கபாய் அவனிடமும் மறைத்துவிட்டாள் என்று அப்போதுதான் தெரிந்தது. வெளியே தலைகாட்ட முடியாத மனுஷனுக்கு இன்னொரு பகை எதற்கு என்று நினைத்திருப்பாள். நாடா சுந்தரதாஸின் கழுத்துக்கு வந்தது. எதிர்க்கடையிலிருந்து அந்தக் குரலும் வந்தது: "அண்ணனுக்க அளவுக்கும் மாப்பு எழுதிருவான், பாத்துக்கிடும்!"

பெஞ்சில் எல்லாரும் சிரித்தார்கள்.

சுந்தரதாஸ் கழுத்தில் நாடாவோடு கடை வாசலுக்கு வந்தார். "சிரிக்காதீங்கலே!" என்றார். "லாட்ஜும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நான் மிஷன் சமையல்கட்டு வராந்தாவுல கிடக்கிறவன். அதச் சொல்ல வெக்கப்பட்டு அந்தப் பிள்ளைய இல்லாத இடத்துக்கு அனுப்பினேன். பச்சைப்பிள்ளையோட மழையில அலைஞ்சா. அதுல வந்த காய்ச்சலாக்கும். அவ அன்னைக்கு ஜெயிலுக்குப் போய்ப் பாத்திருந்தா இவன் மாப்பு எழுதியிருக்க மாட்டான். சிரிக்கணும்னா என்னப் பாத்துச் சிரிங்க."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

வேதமணி அவர் கழுத்திலிருந்து நாடாவை எடுத்தான். "அளவு எடுத்தாச்சு. புதன்கிழமை வாருங்க" என்றான். அண்ணா என்று சொல்லவில்லை.

மாப்பு மாப்புதான் என்று சொன்னவர்களும் உண்டு. ஆனாலும் அந்தக் குரல் நின்றது, துணியும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. சுந்தரதாஸின் சட்டை நேர்த்தியாகத்தான் தைக்கப்பட்டிருந்தது. அவர் அதை ஒருநாளும் போடவில்லை.

அடுத்த மாதம் காரக்கோணத்திலிருந்து ஒரு பெண் அவரைத் தேடி வந்தாள். அவளுடைய அண்ணனும் ஜெயிலில் இருந்தான். பட்டணத்தில் எங்கே தங்கலாம் என்று கேட்டாள். அதே டீக்கடை, அதே பெஞ்சு, அதே ஆட்கள்.

"பாளையத்துல இறங்கு. மிஷன் வளாகம்னு கேளு. சமையல்கட்டுக்குப் பின்னால வராந்தா உண்டு, பாயும் தருவா, கஞ்சியும் தருவா."

"ஆரு அனுப்பினதுன்னு சொல்லணும் அண்ணா?"

சுந்தரதாஸ் தரையைப் பார்த்தார்.

"தங்கபாய் அனுப்பினான்னு சொல்லு மக்கா. எனக்க பேரச் சொல்லாதே."