மாற்றிப் போட்ட கடைசி எண்

இப்போது அந்தக் கம்பெனியில் எல்லார் கழுத்திலும் ஓர் அட்டை தொங்குகிறது. அதில் பெயருக்கு மேலே ஒரு வரிசை எண். அந்த எண்ணுக்கு எந்த அர்த்தமும் கிடையாது. அதனால்தான் அது நல்ல எண். இதை முதலிபாளையத்திலிருக்கும் அந்தக் கம்பெனி முதலாளியிடம் சொல்லி ஒரு காலத்தில் தோற்றுப்போனேன்.

பனியன் கம்பெனிகளுக்குச் சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன் நான். பதிவில் ஓர் ஆளை இன்னோர் ஆளோடு குழப்பாமல் பிரித்துக்காட்டும் அடையாளத்தை எங்கள் தொழிலில் பிரைமரி கீ என்போம். இரண்டு பேருக்கு ஒன்றே இருக்கக் கூடாது. நாமே ஆளுக்கொரு எண் கொடுத்துவிடலாம் என்றேன். முதலாளி மரியாதையாக மறுத்தார். "மாட்டுக்குக் காதுல அட்டை மாட்டறாப்பல மனுசனுக்கு எதுக்குங்க நம்பரு? அவங்கவங்க செல் நம்பர் இருக்குதில்லீங்க. கூப்புட்டா ஆளு வருமுங்க." அதில் ஒரு கருணை இருந்தது. நான் படித்த புத்தகங்களில் கருணைக்கு மறுப்பு எழுதியிருக்கவில்லை. செல் நம்பரே கீ ஆனது.

தெற்கேயிருந்து வந்த ஒரு தம்பதிக்கு இருந்தது ஒரே போன். கணவன் முன்பு அங்கே வேலை பார்த்துவிட்டுச் சாயப்பட்டறைக்குப் போயிருந்தான். அவன் பதிவு கணினியை விட்டுப் போகவில்லை. பிறகு மனைவி தையலுக்கு வந்தபோது, இந்த நம்பரில் ஏற்கெனவே ஆள் உண்டு என்று கணினி மறுத்தது. ஹெச்.ஆர். பெண் கடைசி எண்ணை மட்டும் மாற்றிப் போட்டுச் சேர்த்துக்கொண்டார். தையலுக்கு ஆள் கிடைப்பதே பெரும்பாடு. ஓர் எண்ணுக்காக யார் திருப்பி அனுப்புவார்கள்?

அந்த வாரமே ஒரு மதியம் அவள் மெஷின் மேல் சாய்ந்தாள். பிரின்டர் கோளாறு என்று நானும் அங்கே போயிருந்தேன். ஆஸ்பத்திரியில் மாலைவரை உயிர் இருந்தது, பேச்சு இல்லை. ஹெச்.ஆர். பெண் அன்று லீவு. பக்கத்து மெஷின்காரிக்கும் அவள் வீடு தெரியாது. திரையில் இருந்த நம்பரை முதலாளியே விடாமல் அடித்தார். எடுத்தவர் சாமளாபுரத்துத் தறிக்காரர். "எம் பொண்டாட்டி இங்க எங்கூடத்தானுங்க தறி ஓட்டிட்டிருக்குது. எந்த ஆஸ்பத்திரிக்குங்க வரச் சொல்றீங்க?" சரியான நம்பர் அதே கணினியில், கணவன் பெயரில் கிடந்தது. அவன் அவளுடைய கணவன் என்பது கணினிக்குத் தெரியாது.

ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு, அவளைக் கூட்டிப்போக அவன் கேட்டில் வந்து நின்றான். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. முதலாளியே போய்ச் சொன்னார். அவன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தான். ஒரு மிஸ்டு கால்கூட இல்லை.

"எம் நம்பரு ஒங்ககிட்ட இருக்குல்லா, மொதலாளி?"

எதற்கும் நாலு வார்த்தை பேசிப் பழகியவர் அவர்.

"இருக்குதுங்க" என்றார்.