பொழுது சாய்ந்தபின் அத்தை போட்ட ஓட்டு

எனக்கு ஓட்டு வருவதற்குப் பல வருஷம் முன்னாலேயே நான் ஒருத்திக்கு ஓட்டுப் போடச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். அப்போது எனக்குப் பதினாலு வயது. இருபத்தொன்று நிரம்பினால்தான் ஓட்டு என்று இருந்த அறுபதுகள் அவை. பிள்ளைகளே, உங்களுக்கும் இன்னும் ஓட்டு வரவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

செஞ்சியில் எங்கள் பள்ளிக்கூடமே வாக்குச்சாவடி ஆகப்போகிறது என்றார்கள். வீட்டில் ஓட்டு இருக்கும் ஒருவருக்காவது முறையாகப் போடச் சொல்லிக்கொடுத்துவிட்டு வரவேண்டும் என்று வகுப்பில் வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். நைனாவிடம் போனேன். "எனக்கே சொல்லித்தர வந்துட்டியா?" என்று சிரித்தார். அம்மாவுக்கு நேரமில்லை. மிஞ்சியது அத்தை.

அத்தை நைனாவின் அக்கா. சின்ன வயதிலேயே தாலியை இழந்து தம்பி வீட்டோடு வந்து தங்கிவிட்டவள். அவள் குரலை நாங்கள் கேட்பது அபூர்வம். காலையில் எழுந்து, "இன்னிக்கி இன்னா செய்யட்டும்?" என்று கேட்பாள். யாராவது சொல்வார்கள். அதைச் செய்வாள்.

ஒரு நீளமான தாளில் கத்தரிக்காய், பூசணிக்காய், வெங்காயம் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்து அவள் முன் வைத்தேன். வெண்டைக்காய்க் காம்பை நறுக்கி மையில் தோய்த்தால் அதுதான் முத்திரை.

"இன்னாடா இது, வெங்காயத்தப் போட்டு வெச்சிருக்க? ஜைன வூட்டுப் புள்ளதானா நீ?" என்றாள் அத்தை. மண்ணுக்குள் விளைகிற வெங்காயம், கிழங்கு எதையும் அவள் சாப்பிடமாட்டாள்.

"அது வேட்பாளர் அத்தே. புடிக்கலன்னா போடாத."

"போடாம வுடலாமா?"

"உன் இஷ்டம்தான்."

"உங்க நைனாவக் கேக்க வாணாமா?"

"யாரையும் கேக்க வாணாம். போட்டப்புறம் சொல்லவும் கூடாது."

அத்தை கத்தரிக்காயின் மேல் குத்தி, தாளைக் குறுக்கே மடித்தாள். பிரித்துப் பார்த்தால் ஈர மை கீழே இருந்த வெங்காயத்திலும் ஒட்டியிருந்தது. "ஐயையோ, வெங்காயத்துக்கும் வுழுந்துடுச்சே!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்படி அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். நீளவாக்கில் மடித்தால் மை வேறு சின்னத்தில் படாது என்று காட்டினேன். சரியாக வரும்வரைக்கும் விடாமல் மடித்துப் பழகினாள்.

தேர்தல் நாள் வந்தது. காலையிலேயே எல்லோரும் வண்டி கட்டிக்கொண்டு போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார்கள். களத்தில் காய்ந்த மல்லாட்டைக் கடலைக்குக் காவலாக அத்தையை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். திரும்பி வந்தவர்கள் சாப்பிட்டார்கள், படுத்தார்கள். அத்தையின் ஓட்டு யாருக்கும் ஞாபகமில்லை. சாயங்காலம் நான் கத்தின பிறகுதான், "சரி, நீயே இட்டுக்கினு போ" என்றார் நைனா.

அன்று அத்தைக்கு ஒருவேளை விரதம். நாள் முழுக்க ஒரே ஒரு தடவைதான் சாப்பாடு. அதையும் பொழுது சாய்வதற்குள் முடித்துவிட வேண்டும். சாய்ந்துவிட்டால் மறுநாள் வெயில் வரும்வரை தண்ணீர்கூட இல்லை. "வந்து சாப்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

பள்ளிக்கூடத்தில் பெண்கள் வரிசை வேப்பமரம் வரைக்கும் நின்றது. நகரவே இல்லை. எனக்குப் பயம் வந்தது. சாப்பாடு எடுத்து வருகிறேன் என்று வீட்டுக்கு ஓடினேன். அம்மா அப்போதுதான் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். தூக்குப்போணியோடு நான் திரும்பி வந்தபோது ஐந்து மணி ஆகி வெளிக் கம்பிக்கதவைச் சாத்திவிட்டிருந்தார்கள். உள்ளே நின்றவர்களுக்கு வரிசையின் கடைசியிலிருந்து ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுத்துக்கொண்டு வந்தார் ஒரு அதிகாரி. நேரம் முடிந்தாலும் அந்தச் சீட்டு இருப்பவர்கள் ஓட்டுப் போடலாம். எங்கள் நிலத்தில் களை எடுக்கிற பெண் ஒருத்தி, இடுப்பில் குழந்தையோடு அத்தைக்கு முன்னால் நின்றிருந்தாள். அவளுக்கும் ஒரு சீட்டு, அத்தைக்கும் ஒரு சீட்டு.

"சோறு சார், அத்தைக்கு" என்றேன் கதவருகே நின்ற போலீஸ்காரரிடம்.

"வெளிய இருந்து எதுவும் உள்ள போவக்கூடாது."

எனக்குப் பின்னாலேயே நைனா வேகமாக வந்தார். கம்பிக்கு வெளியே நின்றபடி, "அக்கா, பொழுது போவுது. ஒரு ஓட்டுல இன்னா ஆயிடப்போவுது? வா, சாப்புடு" என்றார்.

"வெளிய வந்தா திரும்ப உள்ள வுடமாட்டோம்மா" என்றார் போலீஸ்காரர்.

நைனா கூப்பிட்டு அத்தை வராமல் இருந்ததே கிடையாது. அவள் தன் கையிலிருந்த துண்டுச்சீட்டைப் பார்த்தாள். "நான் நிக்கறேன் தம்பி" என்றாள். அவ்வளவுதான். நைனாவும் கம்பிக்கு வெளியிலேயே நின்றுகொண்டார்.

போலீஸ்காரர் மனமிரங்கிப் போணியை வாங்கிக்கொண்டு போனபோது சூரியன் ராஜகிரி மலைக்குப் பின்னால் இறங்கியிருந்தது. கோட்டை கறுப்பாக நின்றது.

"அத்தே, மலைதான் மறைக்குது! அந்தாண்ட அவலூர்பேட்டையில இன்னும் வெயில் அடிக்கும். சாப்புடு!" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

வரிசையே சிரித்தது. அத்தையும்தான். "அவலூர்பேட்டைக்காரங்க சாப்புடட்டும்டா" என்றாள். போணியைத் திறந்து முன்னால் நின்றவளின் குழந்தைக்கு ஊட்டினாள். ஒரு பருக்கைகூடத் தன் வாயில் போட்டுக்கொள்ளவில்லை.

பெட்ரோமாக்ஸ் விளக்கு ஏற்றினார்கள். திறந்திருந்த அறைக் கதவு வழியாக, நான் தினமும் உட்காருகிற வகுப்பறை எனக்குத் தெரிந்தது. அது கோயில் கருவறை மாதிரி இருந்தது. யாரும் உரக்கப் பேசவில்லை. அத்தை விரலை நீட்டினாள். மை வைத்தார்கள். ஓட்டுச்சீட்டை வாங்கிக்கொண்டு அட்டை மறைப்புக்குப் பின்னால் போனாள். மேசைக்குக் கீழே அவள் பாதங்கள் மட்டும் தெரிந்தன.

வெளியே வரவே இல்லை.

அவளுக்கு முன்னால் போனவர்கள் சட்டென்று வந்துவிட்டார்கள். அத்தையின் பாதங்கள் அசையாமல் நின்றன. "அம்மா, ஆச்சா?" என்று அதிகாரி கேட்டார்.

"இருங்க" என்றது உள்ளிருந்து அவள் குரல்.

அவர் இருந்தார். எல்லோரும் இருந்தார்கள். நைனாவும் நானும் கம்பிக்கு வெளியே இருந்தோம்.

கடைசியில் வந்து பெட்டியில் சீட்டைப் போட்டாள். இருட்டில் மூவரும் வீட்டுக்கு நடந்தோம். பாதி வழியில் நைனா, "யாருக்குக்கா போட்ட?" என்று மெதுவாகக் கேட்டார்.

"புள்ள சொல்லக்கூடாதுன்னு சொல்லிக்குடுத்திருக்கறான்" என்றாள் அத்தை.

மறுநாள் வெயில் வந்த பிறகு ஒரு செம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்து முடித்தாள். பள்ளிக்கூடத்தில் என் வீட்டுப்பாடம் நன்றாக முடிந்தது என்று பெருமையாகச் சொன்னேன். ஒரு குறையையும் சேர்த்துச் சொன்னேன். பழகியும் அத்தைக்கு உள்ளே போனதும் மடிப்பு மறந்துபோயிருக்க வேண்டும், அதனால்தான் அவ்வளவு நேரம் ஆனது என்று.

அப்படித்தான் நான் அன்று நினைத்தேன். 'இன்னா செய்யட்டும்?' என்று யாரையும் கேட்காமல் அவள் நின்ற முதல் நேரம் அது என்று எனக்குத் தோன்றவில்லை. அவள் மறைப்புக்குப் பின்னால் நின்ற நேரமெல்லாம் கம்பியைப் பிடித்தபடி, 'நீளவாக்குல மடி அத்தே, நீளவாக்குல' என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.