குறுக்கே கிடந்த தழை

போன வாரம் நாலு இளைஞர்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஜவ்வாது மலைக்கு ட்ரெக்கிங் போகிறார்களாம். "அனுபவசாலி நீங்க... டிப்ஸ் சொல்லுங்க சார்" என்றார்கள். தண்ணீர் நிறைய எடுத்துப் போங்கள், நல்ல ஷூ போடுங்கள் என்றேன். காபி குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. நானும் என்னோடு கல்லூரியில் வேலை பார்த்த ராகவனும் மலைமேல் ஒரு கிராமத்தில் தங்கிவிட்டு, கணவாய் வழியாக ஆலங்காயத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். பின்னாலிருந்து ஓட்டமாக வந்தான் காளி. முதல் நாள் எங்களுக்குச் சாமைச் சோறு போட்டவன்.

"என்ன காளி?"

"வூட்டுக்காரிக்கு வலி கண்டுச்சி சார். புள்ள தலை திரும்பல. டோலி கட்டித் தூக்கினு வர்றாங்க. நான் முன்னாடி போய் வண்டி புடிக்கணும். கீழ் வழில போவாதீங்க, மழைல அடிச்சினு போய்டுச்சி. மேட்டு வழில வாங்க."

பாதை பிரியும் இடத்தில் ஒரு பச்சைக் கிளையை ஒடித்துக் கீழ் வழியின் குறுக்கே போட்டான். ஓடிவிட்டான்.

குறுக்கே தழை கிடந்தால் அந்த வழி வேண்டாம் என்று பொருள். மலையில் எல்லோருக்கும் தெரியும்; பின்னால் வருபவர்கள் பார்த்து நடப்பார்கள். எனக்குத் தெரியாது. கண்ணை மொய்த்தன ஈக்கள். தழை கைக்கு வாகாக இருந்தது. எடுத்து வீசிக்கொண்டே நடந்தேன்.

"தனக்குத்தானே சாமரம் வீசுற மகாராஜாவை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்" என்றார் ராகவன். சிரித்தோம்.

ஆலங்காயத்தில் காளி வாடகைக் காரோடு காத்திருந்தான். நாங்கள் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். டிரைவர் இரண்டு முறை கிளம்பப் பார்த்தார். காளி அவர் காலைப் பிடித்து நிறுத்தினான். பொழுது சாயும்போது டோலி வந்தது. தூக்கி வந்தவர்களுக்கு இடுப்புவரை சேறு. அந்தப் பெண்ணின் உயிர் வழியிலேயே போய்விட்டிருந்தது.

"கீழ் வழில இன்னாத்துக்குடா வந்தீங்க? தழ போட்டேனே."

"அங்க தழ எதுவும் இல்லண்ணா. பாதி தூரம் போய் மாட்டினு, திரும்பி மேட்டு வழில வந்தோம்."

காளி என் பக்கம் திரும்பினான். குற்றம் சாட்டவில்லை. கேட்டான், அவ்வளவுதான். "நான் போட்டத நீங்க பார்த்தீங்க இல்ல சார்?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ராகவன் தலையைக் குனிந்துகொண்டார். நானும் குனிந்திருக்கக் கூடாதா? வருஷக்கணக்கில் மேடையேறிப் பாடம் சொன்ன நாக்கு... தடுமாறவே இல்லை.

"பார்த்தேன் காளி. ஆடு இழுத்துத் தின்னிருக்கும். வழியில நிறைய மேய்ஞ்சுது."

அந்தப் பக்கம் ஆடு மேய்ப்பவன் ஒருவன்தான் — செத்துப்போனவளின் அண்ணன். டோலிக் கம்பை இன்னும் தோளிலிருந்து இறக்காமல் நின்றவன்.

"என் ஆடா சார்?" என்றான்.

நான் இல்லையென்று சொல்லவில்லை. பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தேன்.

அன்று கணவாய் நெடுகிலும் நாங்கள் ஓர் ஆட்டைக்கூடப் பார்க்கவில்லை.