நேரம் போகாத விக்கிரவாண்டி

விழுப்புரம் பஸ் நிலையத்தில் காலை எட்டு மணிக்கு ஏறினேன். எண்பத்து நான்காம் வருஷம், மே மாதம். முப்பத்தேழு கிலோமீட்டர் தாண்டித் திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில், பத்து மணிக்கு, இங்கிலீஷ் டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ. கல்யாணமாகி ஐந்து மாதம். என் வீட்டுக்காரருக்குத் திண்டிவனம் அரிசி மில்லில் வேலை, எனக்கு விழுப்புரத்தில் மாமியார் வீடு. "அங்க உனக்கு வேலை கெடைச்சா போய் இரு. இல்லன்னா இங்கயே இரு" என்று மாமியார் தீர்த்துச் சொல்லிவிட்டார். புருஷனை ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துப்போயிருந்தது.

எட்டரைக்கு விக்கிரவாண்டியில் டயர் பஞ்சர். ஸ்டெப்னியிலும் காற்றில்லை. "ஜல்தியா முடிச்சிடலாம்மா" என்று சொல்லி டயரை உருட்டிக்கொண்டு போன கண்டக்டர், போனவர் போனவர்தான். இன்று நான்கு வழிச் சாலையில் அந்த இடம் கண்ணில் படுவதற்குள் கடந்துவிடுகிறது. அன்று அங்கிருந்த புளியமரங்களை எல்லாம் மனப்பாடம் செய்தேன்.

பக்கத்தில் கோலியனூர்க்கார அம்மா ஒருவர்.

"வாட்ச்சையே பாத்துக்கினு இருக்கியே, யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?"

"இன்டர்வியூங்க."

"அடப் பாவமே. நேரமே போவலியே, ஒரே பேஜாரு."

பேஜாருக்கு இங்கிலீஷில் என்ன? பி.ஏ. படித்த எனக்குச் சட்டென்று வரவில்லை.

பதினொன்றரைக்குத் திண்டிவனம். வேர்வையோடு உள்ளே ஓடினேன். ஏன் லேட் என்று இங்கிலீஷிலேயே சொல்லச் சொன்னார் தலைமை ஆசிரியை. பஸ், பஞ்சர் எல்லாம் ஒழுங்காகத்தான் வந்தது. கடைசியில், "டைம் டிட் நாட் கோ, மேடம்" என்று முடித்துவிட்டேன்.

"டைம் போகலன்னா பத்து மணிக்கே வந்திருக்கணுமே?" என்றார் அவர், தமிழில்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "விக்கிரவாண்டியில போகலைங்க மேடம். இங்கதான் போயிடுச்சு."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். 'டைம் டிராக்டு', அதாவது நேரம் இழுத்தது என்று சொல்ல வேண்டுமாம். வெள்ளைக்காரனுக்கு நேரம் இழுத்துக்கொண்டாவது போகிறது, நமக்கு நின்றே விடுகிறது. "நம்ம பிள்ளைங்களும் இப்படித்தான் எழுதும். எங்கேருந்து அந்தத் தப்பு வருதுன்னு உனக்குத் தெரியும். ஜூன்ல வந்து சேந்துக்கோ" என்றார்.

வெளியே கேட்டருகே வேப்பமர நிழலில் என் வீட்டுக்காரர். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"எப்பங்க வந்தீங்க?"

"இப்பதான் வந்தேன்."

காலடியில் வேர்க்கடலைத் தோல், எங்கள் பேச்சில் மல்லாட்டைத் தோல், குவிந்து கிடந்தது.

"வேலை கெடைச்சிடுச்சுங்க."

அவர் கையிலிருந்த காகிதப் பொட்டலத்தை நீட்டினார். பிரித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனையையும் உரித்து, ஒன்றுகூடத் தின்னாமல் எனக்கு வைத்திருந்தார்.